ஒரே கணினியில் இரண்டு மூன்று நெட்வொர்க் அடாப்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் சிறு ஆலைகளுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் வேலை பார்த்து வருகிறேன். “இன்னொரு லேன் கார்டு போட்டதிலிருந்து ஒன்று ஓடினால் மற்றொன்று நிற்கிறது” என்ற அழைப்பு வராத மாதமே இல்லை. போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியது. கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே ஒலியாக எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணினியில் இரண்டு அடாப்டர் இருந்தாலே தகராறு வருமா?

வராது. அடாப்டர் என்பது கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாகம். பல லேப்டாப்புகளில் லேன், வைஃபை, ப்ளூடூத் என்று மூன்று அடாப்டராவது இருக்கும். மூன்றும் சமாதானமாகத்தான் இருக்கின்றன. நான் போய்ப் பார்க்கும் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே காரணம்தான். ஒன்று, இரண்டு அடாப்டருக்கும் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலின் முகவரி) கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் இரண்டு அடாப்டரும் ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே முகவரித் தொகுதியில், இருக்கும். கார்டு பழுது, கேபிள் பழுது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் ஆட்கள் முதலில் மாற்றுவது கார்டைத்தான், அதற்குத்தான் காசும் செலவாகிறது.

என்னிடம் ஒரே ஒரு கேபிள்தான். ஆனால் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளை போட்டால் ஆறேழு அடாப்டர் காட்டுகிறதே?

மற்றவை மென்பொருள்கள் உருவாக்கிய மெய்நிகர் அடாப்டர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருந்தால் 192.168.56.1 என்ற முகவரியோடு ஒன்று இருக்கும். விஎம்வேர் போட்டிருந்தால் விஎம்நெட் 1, விஎம்நெட் 8 என்று இரண்டு. ஹைப்பர்-வி, டாக்கர், லினக்ஸ் துணை அமைப்பு ஆகியவை வந்தால் வி-ஈதர்நெட் என்று தொடங்கும் பெயர்கள். விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும்) மென்பொருள்களும் பெரும்பாலும் தமக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளும்.

கேபிள் இல்லையே என்று இவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். முகவரி, சப்நெட், மெட்ரிக் (எந்த வழிக்கு முன்னுரிமை என்று சொல்லும் எண்) எல்லாம் இவற்றுக்கும் உண்டு. வழி தேர்ந்தெடுக்கும் போட்டியில் இவையும் கலந்துகொள்ளும். வி-ஈதர்நெட் தன் வேகம் 10 ஜிபிபிஎஸ் என்று அறிவித்துக்கொள்ளும், அதனால் உண்மையான லேன் கார்டையே முந்துவதும் உண்டு. சந்தேகம் வந்தால் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் திரையில் (ரன் பெட்டியில் என், சி, பி, ஏ, புள்ளி, சி, பி, எல்) அவற்றை ஒவ்வொன்றாக டிஸேபிள் செய்து பாருங்கள். அன்இன்ஸ்டால் வேண்டாம், டிஸேபிள் போதும்.

எந்த அடாப்டர் வழியாக அனுப்புவது என்று கணினி எப்படி முடிவு செய்கிறது?

இது ஒன்று புரிந்தால் மீதிக் கேள்விகளில் பாதி தேவைப்படாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வொரு கணினிக்குள்ளும் ரவுட்டிங் டேபிள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ‘ரூட் பிரிண்ட்’ (ரூட் என்பது ஆர், ஓ, யூ, டி, இ) என்று அடித்தால் முழுதும் தெரியும். ஒவ்வொரு வரியும் “இந்த முகவரிகளுக்கு இந்த வழி” என்று சொல்கிறது. ஒரு பாக்கெட் (அனுப்பும் தகவலின் ஒரு துண்டு) கிளம்பும்போது, அது போக வேண்டிய முகவரிக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் வரியைக் கணினி தேடும். 192.168.10.25-க்குப் போக வேண்டும், 192.168.10.0 என்ற சப்நெட் ஒரு கார்டில் இருக்கிறது என்றால் அந்தக் கார்டுதான் வழி. எதுவுமே பொருந்தவில்லை என்றால் கடைசியாக 0.0.0.0 என்று தொடங்கும் வரி. அதுதான் டீஃபால்ட் கேட்வே. உங்கள் தெருவுக்குள் இருக்கும் வீடு என்றால் நேரே நடந்து போய்விடலாம். வெளியூர் என்றால் தெருக்கோடியில் இருக்கும் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்வே என்பது அந்த வாசல்.

ஒரே அளவு பொருந்தும் வரிகள் இரண்டு இருந்தால்தான் மெட்ரிக் வேலைக்கு வரும். எண் சிறியதாக இருப்பது ஜெயிக்கும். விண்டோஸ் இந்த எண்ணை அடாப்டரின் வேகத்தைப் பார்த்துத் தானே போடுகிறது. 1 ஜிபிபிஎஸ் லேன் கார்டுக்கு வழக்கமாக 25. வைஃபைக்கு அதைவிடப் பெரிய எண், அதுவும் இணைப்பு வேகத்துக்கேற்ப மாறும்.

பட்டியலில் 281 என்று பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. அது 256-உம் 25-உம் சேர்ந்தது. ஒரு வரிக்கென்று உள்ள மெட்ரிக்கும் அடாப்டரின் மெட்ரிக்கும் கூட்டப்பட்டுத்தான் திரையில் வருகிறது.

லேன் வேகமானது, மெட்ரிக்கும் சிறியது. பிறகு ஏன் என் இணையம் வைஃபை வழியாகப் போகிறது?

லேன் கார்டுக்கு முகவரியையும் கேட்வேயையும் கையால் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் காரணம் மேலே சொன்ன கூட்டல்தான். டிஎச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) வழியாக வந்த கேட்வேக்கு அடாப்டரின் மெட்ரிக் மட்டுமே கணக்கு. கையால் போட்ட கேட்வேக்கு 256 கூடுதலாகச் சேரும். லேன் 281, வைஃபை 50 என்று நிற்கும். வைஃபை ஜெயிக்கிறது.

லேன் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸ், ஐபிவி4, அட்வான்ஸ்டு என்று உள்ளே போங்கள். அங்கே கேட்வே பட்டியலில் உங்கள் கேட்வேயைத் தேர்ந்து எடிட் அழுத்தி, ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்துவிட்டு 1 என்று போடுங்கள். கீழே இன்னோர் ஆட்டோமேட்டிக் மெட்ரிக் பெட்டியும் இருக்கும். அது அடாப்டருக்கானது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கீழே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டு “ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவர்கள் உண்டு.

அதையும் மாற்றிவிட்டேன். இன்னும் சில தளங்கள் வைஃபை வழியாகவே போகின்றன.

ஐபிவி6. வைஃபை ஒரு ஜியோ ஹாட்ஸ்பாட்டிலோ ஐபிவி6 தரும் ஃபைபர் இணைப்பிலோ இருந்தால், அந்தப் பக்கம் ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்து வந்த புதிய முறை) முகவரியும் கேட்வேயும் வந்திருக்கும். லேன் பக்கம் ஐபிவி4 மட்டும். பெரிய தளங்கள் இரண்டிலும் கிடைக்கின்றன, விண்டோஸ் வழக்கமாக ஐபிவி6-க்கே முன்னுரிமை தரும். நீங்கள் மாற்றிய மெட்ரிக் ஐபிவி4-க்கு மட்டுமானது. ஐபிவி6-க்குத் தனிப் பட்டியல், தனி மெட்ரிக். ரூட் பிரிண்ட் திரையில் கீழே இறக்கிப் பார்த்தால் இரண்டாம் பட்டியல் தெரியும். வைஃபை வழியே இணையம் வேண்டாம் என்றால் ஹாட்ஸ்பாட்டைத் துண்டிப்பதே நேர்மையான தீர்வு. வேறு காரணத்துக்கு அது தேவை என்றால் அந்த அடாப்டரில் மட்டும் ஐபிவி6 டிக்கை எடுங்கள்.

இரண்டு அடாப்டருக்கும் கேட்வே போட்டால் என்ன தப்பு? இரண்டும் வேலை செய்யட்டுமே.

கேட்வே என்பது “வேறெங்கும் வழி தெரியாததை இங்கே அனுப்பு” என்ற உத்தரவு. இரண்டு பேரிடம் அந்த உத்தரவைக் கொடுத்தால் ஒருவர் மட்டுமே வேலை செய்வார், யார் என்பதை மெட்ரிக் முடிவு செய்யும். மெஷின் பக்கம் இருக்கும் சுவிட்சுக்குப் பின்னால் இணையமே இல்லை, ஆனால் யாரோ “காலியாக விடக்கூடாது” என்று அங்கே ஒரு கேட்வே எண்ணைப் போட்டிருப்பார். அந்தக் கார்டின் எண் சிறியதாக இருந்தால் கூகுளுக்குப் போக வேண்டிய பாக்கெட் மெஷினிடம் போய் நிற்கும்.

இணையம் எந்தப் பக்கமோ அந்த அடாப்டருக்கு மட்டும் கேட்வே. மற்றதில் முகவரியும் மாஸ்க்கும் (சப்நெட்டின் அளவைச் சொல்லும் எண்) போதும், கேட்வே பெட்டி காலியாக இருக்கட்டும். டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) பெட்டியும் காலியாக இருக்கட்டும். கேட்வே இல்லாத அடாப்டருக்கு அப்பால், இன்னொரு ரவுட்டரைத் தாண்டி ஒரு நெட்வொர்க்கை எட்ட வேண்டும் என்றால் அதற்கு மட்டும் ஒரு தனி வழி எழுதலாம். அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ‘ரூட் -பி ஆட் 10.20.0.0 மாஸ்க் 255.255.0.0 192.168.10.1’. அந்த ‘-பி’ இல்லாவிட்டால் கணினியை மறுபடி தொடங்கும்போது அழிந்துவிடும்.

மெஷினும் 192.168.1, பிராட்பேண்டும் 192.168.1. சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை. ஏன்?

இந்த ஒன்றுக்காக மட்டுமே இந்தப் பக்கத்தை எழுதியிருப்பேன்.

ஒரு பின்னலாடை யூனிட். மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியின் முகவரி 192.168.1.10. அதோடு பேசும் கணினியின் லேன் கார்டு 192.168.1.50. அலுவலகத்தில் புதிதாக ஃபைபர் இணைப்பு வந்தது. அதே கணினியில் மெயில் பார்க்க வேண்டும் என்று வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகினார்கள். ரவுட்டர் அதற்கு 192.168.1.7 கொடுத்தது. அன்றிலிருந்து மெஷின் நடுநடுவே “கம்யூனிகேஷன் லாஸ்ட்” என்று நின்றது. எல்லா நேரமும் நின்றிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பார்கள். ஒரு நாள் முழுக்க ஓடும், மறுநாள் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை நிற்கும். கேபிள் மாற்றினார்கள். லேன் கார்டு இரண்டு முறை மாற்றினார்கள். மெஷின் ஓட்டும் அண்ணன், “இந்த டாங்கிள் வந்தப்புறந்தாங்க இப்படி” என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

ரூட் பிரிண்ட் போட்டபோது 192.168.1.0 என்ற வரி இரண்டு இருந்தது, ஒன்று லேன், ஒன்று வைஃபை. பொருத்தம் சமம், அதனால் மெட்ரிக் முடிவு செய்கிறது. பிஎல்சியின் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், ஆகவே லேன் கார்டின் எண் 25-இல் இல்லை, மேலே ஏறியிருந்தது. வைஃபையின் எண்ணோ சிக்னலுக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கியது. வைஃபை நன்றாக இருந்தால் அது முந்தியது, பிஎல்சிக்குப் போக வேண்டிய பாக்கெட் ஃபைபர் ரவுட்டரிடம் போய் “192.168.1.10 யார்?” என்று கேட்டுப் பதில் இல்லாமல் நின்றது. சிக்னல் குறைந்தால் லேன் முந்தியது, மெஷின் ஓடியது. இணைப்பு நன்றாக இருந்த நாளில்தான் மெஷின் நின்றது.

இத்தகைய மோதல் தற்செயல் அல்ல. தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் மூன்று பெரிய தொகுதிகளை ஒதுக்கியது. 10 என்று தொடங்கும் முழுத் தொகுதி, 172.16-இலிருந்து 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இவ்வளவு இடம் இருந்தும் ரவுட்டர் செய்பவர், கேமரா செய்பவர், மெஷின் செய்பவர் என்று பலரும் ஆலையிலிருந்து 192.168.0 அல்லது 192.168.1 என்றே அனுப்புகிறார்கள்.

தீர்வு: ஒரு பக்கத்தின் சப்நெட்டை மாற்ற வேண்டும். எந்தப் பக்கத்தை? ரவுட்டர் பக்கத்தை. மெஷின் பக்கத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். பிஎல்சியின் முகவரி அதன் ப்ரோகிராமிலும் தொடுதிரையிலும் மோட்டார் டிரைவ்களிலும் எழுதப்பட்டிருக்கும். ஒன்றை மாற்றினால் எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும் என்பது மெஷின் போட்டவருக்கே நினைவிருக்காது. ரவுட்டரில் ஒரே இடம்: லேன் ஐபியை 192.168.50.1 என்று மாற்றி, டிஎச்சிபியையும் அதற்கேற்ப மாற்றினால் போன், லேப்டாப் எல்லாம் தானாகப் புது முகவரி வாங்கிக்கொள்ளும். கையால் முகவரி போட்ட பிரிண்டரும் கேமராவும் மட்டும் மிஞ்சும். அந்த யூனிட்டில் இதற்கு இருபது நிமிடம் ஆனது.

பிரச்சினை என்று தெரிந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாள் எடுங்கள். ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ போட்டு, ஒவ்வொரு அடாப்டருக்கும் பெயர், முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், டிஎச்சிபியா கையால் போட்டதா என்று எழுதுங்கள். மெய்நிகர் அடாப்டர்களையும் சேர்த்து. ‘ஈதர்நெட் 3’ என்று இருப்பதை அங்கேயே ‘மெஷின்’, ‘ஆபீஸ்’ என்று பெயர் மாற்றுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பார்க்கும்போது இந்தப் பெயர் அவரைக் காப்பாற்றும்.

எழுதி முடித்ததும் பெரும்பாலும் தாளே பதில் சொல்லிவிடும்: கேட்வே இரண்டு இருக்கும், அல்லது இரண்டு முகவரியின் முதல் மூன்று எண் ஒன்றாக இருக்கும், அல்லது 169.254 என்று ஒன்று இருக்கும். கடைசியில் சொன்னது டிஎச்சிபி சர்வர் கிடைக்காமல் கணினி தானே போட்டுக்கொண்ட முகவரி. அந்தப் பக்கம் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள்.

தாளில் தெரியவில்லை என்றால் சோதனை. பவர்ஷெல்லில் ‘ஃபைண்ட்-நெட்ரூட் -ரிமோட்ஐபிஅட்ரஸ்’ என்று போட்டு எட்ட வேண்டிய முகவரியைக் கொடுத்தால், எந்த அடாப்டர் வழியே போகப்போகிறது என்று கணினியே சொல்லும். பிங் என்பது ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை. ‘பிங் -எஸ்’ (எஸ் பெரிய எழுத்து) போட்டு முதலில் உங்கள் கார்டின் முகவரியும் அடுத்து மெஷினின் முகவரியும் கொடுத்தால், குறிப்பிட்ட கார்டிலிருந்து பிங் போகும். சாதாரண பிங் தோற்று இது ஜெயித்தால் கேபிள் நன்றாக இருக்கிறது, வழிதான் தப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மெஷின் பக்கத்துக் கார்டில் “நோ இன்டர்நெட்”, “அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்” என்று காட்டுகிறது. சரி செய்ய வேண்டுமா?

இணையம் இல்லாத பக்கத்தில் நோ இன்டர்நெட் என்று வருவதே சரி. அதைப் போக்க வேண்டும் என்று கேட்வே போட்டுவிடாதீர்கள்.

அன்ஐடென்டிஃபைடு என்பது மட்டும் கவனிக்க வேண்டியது. விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அதன் கேட்வேயை வைத்து அடையாளம் வைத்துக்கொள்கிறது. கேட்வே இல்லாத நெட்வொர்க்குக்கு அடையாளம் கிடைக்காது. தெரியாத இடம் என்று பப்ளிக் பிரிவில் போட்டு ஃபயர்வாலை இறுக்கிவிடும். நீங்கள் மெஷினை பிங் செய்தால் பதில் வரும், மெஷின் பக்கத்திலிருந்து உங்கள் ஷேர் ஃபோல்டரைத் திறக்க முடியாது. இப்படி ஒருபக்கம் மட்டும் அடைபட்டிருந்தால் ஃபயர்வாலை முழுதாக அணைக்க வேண்டாம். அந்த சப்நெட்டிலிருந்து, தேவையான சேவைக்கு மட்டும் அனுமதி தரும் ஒரு விதி போதும். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசிக்குள் நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பகுதியில், அடையாளம் தெரியாதவற்றைப் ப்ரைவேட்டாக எடுத்துக்கொள் என்றும் சொல்லலாம். நான் முதல் வழியையே விரும்புகிறேன், ஏனென்றால் இரண்டாவது அந்த லேப்டாப் போகும் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

“ஐபி அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்” என்று செய்தி வருகிறது. இதுவும் இரண்டு கார்டு இருப்பதாலா?

பெரும்பாலும் இல்லை. ஒரே முகவரியை இரண்டு சாதனம் வைத்திருக்கின்றன என்று பொருள். இரண்டாவது சாதனம் எது என்பதே கேள்வி.

உங்கள் கணினியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வேறு கணினியிலிருந்து உங்கள் முகவரிக்கே பிங் கொடுங்கள். பதில் வந்தால் அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார். உடனே அந்தக் கணினியில் ‘ஏஆர்பி -ஏ’ போட்டால் அந்தச் சாதனத்தின் மேக் முகவரி (கார்டுக்கே உரிய வன்பொருள் எண்) கிடைக்கும். அதன் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டும். கேமராவா, பிரிண்டரா, யாரோ ஒருவரின் போனா என்று ஊகிக்கலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் 4199 என்ற எண்ணோடு இதே மேக் முகவரி பதிவாகியிருக்கும்.

கையால் முகவரி போடும் வழக்கமும் டிஎச்சிபியும் ஒரே எண்களைப் பங்கிடுவதே மூல காரணம். ரவுட்டரில் டிஎச்சிபி 100 முதல் 200 வரை மட்டும் கொடுக்கட்டும். கேமரா, பிரிண்டர், பில்லிங் கணினி எல்லாம் 2 முதல் 99-க்குள் இருக்கட்டும்.

ஒரே மாதிரி இரண்டு யூஎஸ்பி லேன் டாங்கிள் வாங்கினேன். இரண்டு கணினியில் போட்டால் இரண்டும் மாறி மாறி அறுந்துபோகின்றன.

இரண்டின் மேக் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில மலிவான டாங்கிள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மேக் எண்ணோடு வருகின்றன. சுவிட்ச் ஒரு மேக்கை ஒரே போர்ட்டில்தான் நினைவு வைத்துக்கொள்ளும். கடைசியாகப் பேசிய போர்ட்டுக்கு எல்லாவற்றையும் அனுப்பும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய கார்டைக் கழற்றிவிட்டேன். புதுக் கார்டுக்கு அதே முகவரியைப் போட்டால் “வேறோர் அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுள்ளது” என்கிறது.

கழற்றிய கார்டின் பதிவு விண்டோஸுக்குள் இன்னும் இருக்கிறது, முகவரியோடு சேர்த்து. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ அழுத்தினால் மங்கலாகத் தெரியும். அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு முகவரியைப் போடுங்கள்.

அலுவலகத்தில் திடீரென்று பலருக்கு 192.168.137 என்று முகவரி வருகிறது. இணையம் யாருக்கும் இல்லை.

யாரோ தன் கணினியில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்கை இயக்கியிருக்கிறார். அதை இயக்கினால் விண்டோஸ் தன் ஓர் அடாப்டருக்கு 192.168.137.1 என்ற முகவரியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்பவருக்கெல்லாம் தானே டிஎச்சிபி சர்வராக முகவரி தரத் தொடங்கும். தவறான கார்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது அலுவலகம் முழுக்கப் பரவும். ஏஆர்பி மூலம் 192.168.137.1 யாரென்று மேக் முகவரியை எடுங்கள், ஆளைக் கண்டுபிடியுங்கள், ஷேரிங் டிக்கை எடுங்கள்.

இரண்டு அடாப்டரையும் தேர்ந்து “பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்” கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்றார்களே?

வேண்டாம். பிரிட்ஜ் கணினியை ஒரு சுவிட்சாக மாற்றிவிடும். இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சுக்குப் போயிருந்தால் அது ஒரு வளையம். ஒரு பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும்) பாக்கெட் அதில் சுற்றிச் சுற்றிப் பெருகினால் மொத்த நெட்வொர்க்கும் நின்றுபோகும்.

இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் போயிருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. மெஷின் நெட்வொர்க்கைத் தனியாக வைத்ததற்குக் காரணமே வெளியிலிருந்து எவரும் அதைத் தொடக்கூடாது என்பது. பிஎல்சிகள் பலவற்றுக்குக் கடவுச்சொல்கூடக் கிடையாது. சாதாரணமாக விண்டோஸ் ஒரு கார்டில் வந்ததை மறு கார்டுக்குக் கடத்தாது. பிரிட்ஜும் ஷேரிங்கும் அந்தக் கதவைத் திறந்துவிடுகின்றன.

இரண்டு பிராட்பேண்ட் இணைப்பையும் ஒரே கணினியில் சேர்த்தால் வேகம் கூடுமா? ஒன்று போனால் மற்றது வருமா?

வேகம் கூடாது. ஒரு கேட்வேதான் வேலை செய்யும். மாற்று இணைப்பாகவும் முழுதாக நம்ப முடியாது: தெருவில் ஃபைபர் அறுந்திருந்தாலும் மோடம் உயிரோடு இருக்கும், கேபிள் விளக்கு எரியும், கணினி அதனிடமே அனுப்பிக்கொண்டிருக்கும். இதைச் செய்ய வேண்டிய இடம் கணினி அல்ல, இரண்டு வான் (வெளி இணைப்பு) போர்ட் உள்ள ரவுட்டர். அது வெளியே உள்ள முகவரியை அவ்வப்போது சோதித்து மாற்றிக்கொள்ளும். அதிலும் ஒரே டவுன்லோடு ஒரு வழியாகத்தான் போகும். பல பேர் பயன்படுத்தும்போது பகிர்ந்துகொள்வதே லாபம்.

வீட்டிலிருந்து விபிஎன் போட்டால் இணைகிறது, ஆனால் அலுவலக சர்வர் கிடைக்கவில்லை.

வீட்டு ரவுட்டர் 192.168.1, அலுவலகமும் 192.168.1 என்றால் மேலே சொன்ன பின்னலாடை யூனிட் கதைதான். சர்வரின் முகவரி உங்கள் வீட்டுக்குள் இருப்பதாகக் கணினி நினைக்கிறது. வீட்டு ரவுட்டரின் எண்ணை மாற்றுங்கள். அலுவலகத்துக்கு எண் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் 192.168.0, 192.168.1 இரண்டையும் விட்டு, 10.73.20 போன்று யாரும் எடுக்காத ஒன்றை எடுத்தால் பணியாளர்கள் எல்லோருக்கும் தொல்லை மிச்சம்.

முகவரியால் சர்வர் திறக்கிறது, பெயரால் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். விண்டோஸ் 8-இலிருந்து பெயர்த் தேடலை எல்லா அடாப்டரின் டிஎன்எஸ் சர்வருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் பெயரை வெளி சர்வர் “இல்லை” என்று சொல்லிவிடலாம். விபிஎன் அடாப்டரின் மெட்ரிக்கைக் குறைத்துப் பாருங்கள். தீராவிட்டால் விபிஎன்னை நிர்வகிப்பவரிடம் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் செய்ய வேண்டியது அது.

லினக்ஸிலும் ஆப்பிள் மேக்கிலும் இதெல்லாம் எப்படி?

அடிப்படை ஒன்றே. லினக்ஸில் ‘ஐபி ரூட் கெட்’ போட்டு முகவரியைக் கொடுத்தால் எந்த வழி என்று ஒரே வரியில் சொல்லும். நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாக லேனுக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக் போடும். கேட்வே வேண்டாத இணைப்புக்கு ‘நெவர்-டீஃபால்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டு கார்டும் ஒரே சப்நெட்டில் இருந்தால் லினக்ஸ் ஒரு கார்டின் முகவரிக்கான ஏஆர்பி கேள்விக்கு மறு கார்டிலிருந்தும் பதில் சொல்லும், அதனால் விண்டோஸைவிடக் குழப்பம் அதிகம். டாக்கர் போட்டால் 172.17.0.0 தொகுதியை எடுத்துக்கொள்ளும். உங்கள் நிறுவனமும் அதே எண்ணைப் பயன்படுத்தினால் டாக்கரின் அமைப்புக் கோப்பில் வேறு தொகுதி கொடுங்கள். மேக்கில் நெட்வொர்க் அமைப்புக்குள் ‘செட் சர்வீஸ் ஆர்டர்’ என்று இருக்கும், எது மேலே இருக்கிறதோ அதற்கே முதலிடம்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். “நெட்வொர்க் ரீசெட்” அழுத்தலாமா?

அழுத்தலாம், அந்தத் தாள் கையில் இருந்தால். ரீசெட் எல்லா அடாப்டர்களையும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவும். நீங்கள் கையால் போட்ட முகவரி போய்விடும். விபிஎன், மெய்நிகர் அடாப்டர் மென்பொருள்களை மறுபடி நிறுவ வேண்டி வரலாம். மெஷினோடு பேசும் கார்டின் எண் யாருக்கும் தெரியாமல் இரவு எட்டு மணிக்கு ரீசெட் அழுத்திவிட்டுக் கூப்பிட்ட ஒருவருக்காக, மெஷின் போட்டவரின் பழைய பில்லைத் தேடி எடுத்து அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த 192.168.1.50-ஐக் கண்டுபிடித்தோம். தாளைக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.